மிச்சம் வைக்கத் தெரியாதவன்

தரணிதரன் கடைசி இட்லித் துண்டைச் சட்னியில் நன்றாகப் புரட்டி வாயில் போட்டுக்கொண்டான். தட்டில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்தான். அவன் மணிக்கட்டில் 44 என்று ஒளிர்ந்துகொண்டிருந்த எண் 43 ஆயிற்று.

எதிரே உட்கார்ந்திருந்த இளவேணி அதைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, ஒரே ஒரு துண்டு வெச்சா என்னங்க? ஊரே வெக்குது."

"இட்லி நல்லாயிருந்துச்சு வேணி. வெச்சா வீணாத்தான போகும்?" என்றான் அவள் கணவன். எழுந்து போய்த் தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்தும் வைத்துவிட்டான்.

அவள் தட்டில் அரை இட்லி பாக்கி இருந்தது. அவள் மணிக்கட்டில் 71.

கோயமுத்தூரில் அந்த ஆண்டு யாரும் எதையும் முழுதாக முடிப்பதில்லை. ஓட்டல்களில் கடைசி வாய் சாப்பிடாமல் எழுவதுதான் நாகரிகம். புது வீடு கட்டியவர்கள் மொட்டைமாடிச் சுவரில் ஒரு செங்கல்லுக்கு இடம் விட்டே குடிபோனார்கள். கல்யாணங்களில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவான், நாத்தனார் இரண்டாவதைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்வாள். மூன்றாவது முடிச்சு காலவரையின்றித் தள்ளிவைக்கப்படும். நீதிமன்றங்கள் மருத்துவர் சொன்னபடி வாய்தா கொடுத்தன. தொலைக்காட்சித் தொடர்களுக்கு மட்டும் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

எல்லாம் தளர்சுரம் வந்து ஊரையே தொற்றியபின் ஏற்பட்ட பழக்கங்கள். சுரம் சீக்கிரமே இறங்கிவிடும், கிருமி இறங்காது. பிடரிக்குள், மூளை தண்டுவடத்தோடு சேரும் இடத்தில் சத்தமில்லாமல் குடியிருக்கும். விழித்திருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. மனசு எதற்காகவும் காத்திருக்காத வேளை பார்த்து, தூக்கத்தில் மூச்சை நிறுத்திவிடும். கூடவே இதயமும் ஓய்வெடுத்துக்கொள்வதால் செயற்கை மூச்சுப் பொறிகளாலும் பயனில்லை.

முதல் அலையில் போனவர்கள் நோஞ்சான்கள் இல்லை. மகள் கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்தி முடித்தவர்கள், பணி ஓய்வு பெற்று மாலையோடு வீடு வந்தவர்கள், நெடுந்தூர ஓட்டத்தில் பதக்கம் வாங்கிய கையோடு படுத்தவர்கள். அதே அலையில் சூலூர்ப் பெரியவர் ஒருவர் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழுதான நுரையீரல் எல்லாவற்றோடும் பிழைத்து எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். பங்காளியோடு அவருக்கு ஒரு வரப்புத் தகராறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று இருந்தார்.

அவரை ஆராய்ந்ததில்தான் விஷயம் பிடிபட்டது. பிறகு பற்றுமானி வந்தது. மணிக்கட்டில் கட்டும் பட்டை; மூளையில் எதிர்பார்ப்பு குடியிருக்கும் கணு எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதை நரம்புத் துடிப்பிலிருந்து கணித்து நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். அறுபதுக்கு மேல் பயமில்லை. முப்பதுக்குக் கீழே போனால் மத்தியானக் குட்டித் தூக்கம்கூட ஆபத்து. ஆகவே ஆளுக்கு ஒரு பாக்கி வேலை, ஒரு காத்திருப்பு, ஒரு முடியாத சங்கதி இருந்தாக வேண்டும். ஊர் அதற்கு 'மிச்சம்' என்று பேர் வைத்தது. வழியில் பார்த்தால் சௌக்கியம் விசாரித்தவர்கள், "உங்க மிச்சம் எப்படிங்க இருக்குது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இளவேணி ஒரு பெரிய மருத்துவமனையில் மிச்சப் பொறுப்பாளர். எண் சரிந்தவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களுக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஒரு மிச்சத்தைத் தோண்டி எடுத்துக் கையில் கொடுப்பது அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. உயர்ந்த லட்சியங்களை அவள் நம்புவதில்லை. சமுதாயத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நோயாளி சொல்லும்போது எண் அசையாமல் கிடக்கும். அதே ஆள், மேல்வீட்டுக்காரன் வேண்டுமென்றே தன் துணிக்கொடிக்கு நேராகப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறான் என்று தொடங்கினால் எண் துள்ளி எழும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரை, சம்பந்தி வீட்டார் மைசூர்பாகு பக்குவத்தைத் தன்னிடம் மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் ஒன்றை வைத்தே ஒரு மழைக்காலம் முழுக்கக் காப்பாற்றியிருக்கிறாள்.

அந்தத் தொழிலுக்கு முதல் விதி ஒன்று உண்டு. காலி மிச்சம் கொடுக்கக் கூடாது. வேறொரு மருத்துவமனையில் ஒரு பொறுப்பாளர், நோயாளியின் பிரிந்துபோன நண்பர் குவைத்திலிருந்து வந்துகொண்டிருப்பதாகக் கதை கட்டினார். எண் எண்பதைத் தாண்டியது. வருபவர் யாருமில்லை என்று தெரிந்த மத்தியானம் அது ஒற்றை இலக்கத்துக்கு வந்து நின்றது. அதற்கப்புறம் பொய்யைத் தொட எவரும் துணியவில்லை. உள்ளே ஏதாவது இருந்தால்தான் மிச்சம். வெறும் டப்பா ஆளைக் கொன்றுவிடும்.

இவ்வளவு தெரிந்தவளுக்குத் தன் கணவனிடம் பாச்சா பலிக்கவில்லை.

தரணிதரன் பம்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்படைப்புப் பொறியாளர். ராட்சசப் பம்புகளை அணைகளிலும் சுரங்கங்களிலும் நிறுவி, ஓட்டிப் பார்த்து, ஒரு திருகாணிகூட பாக்கியில்லாமல் உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு வருவான். வேலையில் இருந்த அந்தக் குணம் வீட்டிலும் இருந்தது. இரவல் வாங்கிய குடையை மழை நிற்பதற்குள் திருப்பிக் கொடுப்பான். சண்டை வந்தால் அன்று மாலைக்குள் சமாதானம் பேசி முடிப்பான். குழந்தை இல்லை என்ற விஷயத்தைக்கூட இருவரும் உட்கார்ந்து பேசி, அழுது, முடித்தாகிவிட்டது. மற்ற காலமாக இருந்தால் இப்படிப்பட்ட கணவனுக்குக் கோயில் கட்டலாம். தளர்சுரக் காலத்தில் அந்தக் குணமே வியாதி.

அவள் முயலாத வழியில்லை. ஒரு சுவரை அடைக்கும் அளவுக்குத் துண்டுப் படப் புதிர் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறுக்குள் சட்டம் போட்டு மாட்டிவிட்டான். சங்கீதத்துக்கு முடிவே கிடையாது என்று வீணை வகுப்பில் சேர்த்தாள். ஒரு கீர்த்தனை என்று தனக்கு இலக்கு வைத்து, அதைப் பழுதில்லாமல் வாசித்துக் காட்டிவிட்டு, வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து விடைபெற்று வந்தான். காய்க்க வருடக்கணக்காகும் என்று பலாக்கன்று நடச் சொன்னாள். காய்க்கிற மரத்தையே வேரோடு பெயர்த்துவந்து நட்டான்.

"முடிச்சாச்சு வேணி, அடுத்தது என்ன?" என்று ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு வந்து நிற்பான். எண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வந்தது.

அது 38-ஐத் தொட்ட அன்று இளவேணி ஒரு முடிவுக்கு வந்தாள். மிச்சங்களால் ஆகாது. மருந்து வேண்டும்.

மருந்து ஒன்று இருக்கத்தான் செய்தது. தொண்டாமுத்தூர் சாலையில் மலையைப் பார்த்தபடி இருந்த ஆய்வுக்கூடம், கிருமியைப் பிடரியிலிருந்து கிளப்பும் மருந்து அடுத்த மாதம் வந்துவிடும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே போவதற்கு முன்னால் அந்தக் கூடத்துக்காரர்களின் பற்றுமானி எண்களைத் தன் திரையில் எடுத்துப் பார்த்தாள் இளவேணி. அங்கே இருப்பவர்கள் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் தொண்ணூற்றைந்துக்கு மேல். ஊரிலேயே இவ்வளவு செழிப்பான மணிக்கட்டுகளை அவள் பார்த்ததில்லை. சந்தோஷப்படத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கூடத்தின் தலைவர் டாக்டர் நாச்சிமுத்து அவளை வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். உள்ளே எல்லோரும் கலகலப்பாக இருந்தார்கள். ஒரு மேசையில் கேரம் பலகை. அதில் ஒரே ஒரு காய் மட்டும் குழியின் உதட்டில் தூசி படிந்து கிடந்தது. கூண்டுகளில், கிருமி ஏற்றிக் குணப்படுத்தப்பட்ட எலிகள் கொழுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. பெரிய குரங்குகளிலும் மருந்து பலித்தது, மனிதர்களுக்குக் கொடுத்த மூன்று சுற்றிலும் பலித்தது என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

"அப்புறம் என்னங்க பாக்கி?" என்று கேட்டாள் இளவேணி.

"ஒரே ஒரு சரிபார்ப்புங்க அம்மிணி. ஈரப்பதம் மாறுனா மருந்து எப்படி நிக்குதுன்னு பாத்துட்டம்னா முடிஞ்சுது."

அதைப் பார்த்த பிறகு என்ன என்றாள். குப்பியின் மூடி ரப்பரை மாற்றி ஒருதரம் பார்ப்பது நல்லது என்றார். அதற்கப்புறம் என்றாள். அவர் உற்சாகமாக இன்னொன்று சொன்னார். அவள் கேட்கக் கேட்க, அவர் கையில் சரிபார்ப்புகள் ஊறிக்கொண்டே இருந்தன. கடைசியில் இளவேணி எட்டி அவர் மணிக்கட்டைத் திருப்பி, அங்கே ஒளிர்ந்த 98-ஐ அவருக்கே காட்டினாள்.

"நேத்து உக்கடத்துல ஒரு பொண்ணுங்க. பரீட்சையில பாஸாயிட்டேன்னு அம்மாவுக்குப் போன்ல சொல்லிட்டு வந்து படுத்துச்சு. எந்திரிக்கலை. இங்க நீங்க மூடி ரப்பரைப் பாத்துட்டிருக்கீங்க."

நாச்சிமுத்துவின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"இங்க எல்லாருக்கும் கிருமி இருக்குதுங்க. எல்லாருக்கும் இந்த மருந்துதான் மிச்சம். ஆனா வேணும்னு யாரும் பண்றதில்லீங்க அம்மிணி. முடிச்சுடலாம்னுதான் காலையில வர்றது. கை தானா நின்னுடுது."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நோயாளிகளிடம் தினமும் பார்க்கிற முகம்தான் அது. அவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தாளோ அதைத்தான் இவர்கள் படித்துத் தேறியிருக்கிறார்கள். கோபப்படக்கூட அவளுக்கு உரிமையில்லாமல் போயிற்று.

மருந்து உள்ளே போனாலும் கிருமி கிளம்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார் நாச்சிமுத்து. முடித்த அன்றைக்கு எண் விழும். அந்த ஒரு வாரத்தைத் தாண்டுவதுதான் சிரமம். மற்றவர்களைப் பற்றித் தனக்குத் தெரியாது, தன்னைப் பொறுத்தவரை மச்சானோடு ஒரு சண்டையைப் பல வருடமாகப் போடாமல் கையிருப்பில் வைத்திருப்பதாகவும் அது ஒரு வாரத்துக்குத் தாங்கும் என்றும் சொன்னார்.

"முடிக்கத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரை மட்டும் அனுப்புங்க அம்மிணி. எங்க கையில அது இல்லை."

முடிக்கத் தெரிந்த ஆள் ஒருவன் அவள் வீட்டிலேயே இருந்தான். அவனை அங்கே அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு வாழ்க்கையிலேயே பெரிய வேலை அதுவாகத்தான் இருக்கும். ஏற்றுகிற உயரத்துக்கு ஏற்றிவிட்டு, முடிகிற நாளில் அந்த உயரத்திலிருந்தே தள்ளிவிடும். அனுப்பாவிட்டால் வீட்டிலேயே மெல்ல மெல்ல இறங்குவான். காரில் திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அவனிடமே சொல்லிவிட்டாள், ஆபத்தையும் சேர்த்து.

தரணிதரன், "அவங்க என்ன, ரெண்டு வருஷமாவா ஒரு வேலையை இழுத்துட்டிருக்காங்க?" என்றான். அவன் குரலில் இருந்தது பயமில்லை, அருவருப்பு.

மறுநாளே போய்விட்டான். மருத்துவம் அவனுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவன் மெனக்கெடவில்லை. ஒவ்வொரு விஞ்ஞானியின் மேசை முன்னாலும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரே கேள்வியைக் கேட்டான்: என்ன பாக்கி? அவர்கள் சொல்வார்கள். அது முடிகிறவரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். யாராவது, ஒருவேளை இப்படி ஆனால் என்று புதிதாக ஒரு நூலை இழுத்தால், அது வேறு வேலை, இந்த வேலையில் வராது என்று கத்தரித்துவிடுவான். முதல் வாரம் அவனைத் திட்டாதவர்கள் இல்லை. பிறகு அவர்களுக்கே ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. கேரம் பலகையில் தூசி படிந்து கிடந்த காயையும் போகிறபோக்கில் குழிக்குள் தள்ளிவிட்டானாம். அன்று இரண்டு பேர் அழுதார்கள் என்று நாச்சிமுத்து தொலைபேசியில் சொன்னார்.

தரணிதரனின் எண் 60 ஆயிற்று, 80 ஆயிற்று, 97-இல் போய் நின்றது. சாயங்காலங்களில் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இளவேணி அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். சமையலறைக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிடும். முன்கூட்டியே ஒரு வாய் மருந்து சாப்பிட்டுவிடுங்கள் என்று மன்றாடிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. ஒப்படைப்பதற்கு முன்னால் பம்பைப் போட்டுத் தண்ணீர் குடிக்கிற ஆள் தான் இல்லை என்றான்.

மருந்து முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நாச்சிமுத்து கடைசிக் கையெழுத்தைப் போட்டார். பேனா மூன்று தரம் நின்றது. மூன்று தரமும் தரணிதரன் அவர் தோளில் கையை வைத்தான். முதல் குப்பிகளைப் பன்னிரண்டு பேரும் குடித்தார்கள். குடித்துவிட்டு ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பார்த்தபடி, இளவேணியின் வார்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பதினோரு பேருக்கும் அவள் ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தாள். ஒருத்திக்கு மூன்றாவது முடிச்சு பாக்கி. ஒருவருக்கு அக்கா வீட்டு நாய் யாரிடம் வளர வேண்டும் என்ற பஞ்சாயத்து. நாச்சிமுத்து மச்சானை வரவழைத்து, கட்டிலில் சாய்ந்தபடி முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். எண்கள் விழுந்தன, ஐம்பதில் அறுபதில் தங்கின.

தரணிதரனின் எண் மட்டும் தங்கவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் 31.

இளவேணி தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். பழைய நண்பர்கள், பார்க்காத ஊர்கள், கம்பெனியில் அவனுக்கு அடுத்து வந்தவன் செய்யும் அரைகுறை வேலைகள். அவன் எல்லாவற்றுக்கும் புன்னகை செய்தான். அவனிடம் குறையே இல்லை.

"நிம்மதியா இருக்கு வேணி," என்றான்.

அவள் தொழிலில் அதைவிட மோசமான சொல் கிடையாது. எண் 27. வெளியே வேப்பமரத்தில் காற்று. ஜன்னல் வழியாக வெயில் அவன் காலடியில் விழுந்திருந்தது. சாப்பிட்ட மயக்கத்தில் அவன் இமைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தூக்கம் எங்கே கொண்டுபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..."

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இமைகள் பாதியில் நின்றன. "என்ன?"

"இப்ப வேண்டாங்க. இந்தப் பட்டையைக் கழட்டினப்புறம் சொல்றேன்."

"நல்லதா, கெட்டதா?"

"சொல்றப்ப தெரிஞ்சுக்குவீங்க." இடது கையால் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டே எழுந்தாள். "நான் ஒரு சுத்து வார்டைப் பாத்துட்டு வந்துடறேன்."

கதவைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தாள். தரணிதரன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, அவள் போன திசையையே முறைத்துக்கொண்டிருந்தான். 29. 34. இழுத்துவிட்ட ஸ்பிரிங் மாதிரி எண் ஏறிக்கொண்டிருந்தது. பாதி மூடிய குழாயைக்கூட சகிக்காதவன் பாதியில் நிற்கிற பேச்சை எப்படிப் பொறுப்பான்.

நடைவழிக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. வாயில் வந்ததை வீசியிருந்தாள். தொழிலின் முதல் விதியை, வேறு யாரிடமுமில்லை, சொந்தக் கணவனிடம் மீறியிருந்தாள். அவன் கையில் இருப்பது வெறும் டப்பா. கிருமி கிளம்புவதற்குள் அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டால் போயிற்று. அதற்குள் அவள் அதில் எதையாவது போட்டாக வேண்டும். உண்மையான ஒன்றை, இந்த மனுஷன் இவ்வளவு தூரம் காத்திருந்ததற்குத் தகுந்த ஒன்றை.

அந்த வாரம் அவன் எப்போது கண் விழித்தாலும் அதையே கேட்டான். ஊரை விட்டுப் போகிறாயா என்று கேட்டான். என் அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். பலாமரம் பட்டுப்போயிற்றா என்று கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவனோடு வாழ்ந்த பதினெட்டு வருட வாழ்க்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாள். சொல்லாத நன்றி இருந்தது. அது சின்னதாகத் தெரிந்தது. மறைத்த வருத்தங்கள் இருந்தன. அவை அவனுக்கே தெரிந்தவை. தேடிய அலுப்பில் அவள் சோர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மணிக்கட்டில் எண் 71-இலிருந்து 94-க்குப் போயிருந்தது. அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை.

ஒன்பதாம் நாள் தரணிதரனின் பிடரி சுத்தமாகிவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பட்டையைக் கத்தரித்தார்கள். அவன் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே, "இப்ப சொல்லு," என்றான்.

"நானும் மருந்து குடிச்சப்புறம் சொல்றேங்க," என்றாள் இளவேணி. அது நியாயமாகத்தான் பட்டது. மருத்துவமனை ஊழியர்களுக்கு இன்னும் முறை வரவில்லை.

முறை வந்தபிறகும் அவள் போகவில்லை. வேலை இருந்தது, அதுவும் ஒரு விநோதமான வேலை. ஊர் முழுக்கக் கொட்டகை போட்டு மருந்து கொடுத்தார்கள். வரிசையும் நின்றது, சாலை முக்கைத் தாண்டி நின்றது. ஆனால் நகரவில்லை. "நீங்க முன்னாடி போங்க." "பரவாயில்லீங்க, நீங்க போங்க." எல்லோரும் எல்லோருக்கும் வழிவிட்டார்கள். இரண்டு வருடமாக மருந்துக்குக் காத்திருந்ததே பாதி ஊருக்கு மிச்சமாக இருந்தது. குடித்துவிட்டால் அது தீர்ந்துவிடும். முதலில் நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடட்டும் என்றார்கள். தீர்ப்பு வரட்டும் என்றார்கள். மாடியில் அந்த ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. மிச்சம் வைக்கக் கற்றுக்கொடுத்த இளவேணி இப்போது கொட்டகை கொட்டகையாகப் போய், முடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சிங்காநல்லூர்க் கொட்டகையில் ஒருநாள் நாச்சிமுத்து வந்தார். பட்டையில்லாத கையை வீசிக்கொண்டு, பெரிய குரலோடு. மச்சானோடு ஆரம்பித்த சண்டை வெகு பிரமாதமாகப் போய்க்கொண்டிருப்பதாகவும், குணமான பிறகும் நிறுத்த மனசு வரவில்லை என்றும் சொன்னார். பேச்சுவாக்கில் அவள் கையைப் பார்த்தார். 96. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். மேசையில் அவளுக்கென்று எடுத்துவைத்த குப்பி, மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

"என்னங்க அம்மிணி," என்றார் மெதுவாக, "இன்னும் சரிபார்த்துட்டிருக்கீங்களா?"

இளவேணிக்குச் சுருக்கென்றது. மூடி ரப்பருக்காக அவரை என்ன பேச்சுப் பேசினாள். சரியான சொல் கிடைக்கட்டும், கிடைத்ததும் குடித்துவிடலாம் என்றுதான் அவளும் காலையில் கிளம்பி வருகிறாள். கை தானாக நின்றுவிடுகிறது.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் நாச்சிமுத்து. தரணிதரனிடம் கற்றுக்கொண்ட வித்தை. அவள் குப்பியைத் திறந்து ஒரே மடக்கில் குடித்தாள். கசந்தது.

பின்னாலிருந்த வரிசை அதைப் பார்த்தது. முன்னால் நின்ற ஒரு பெண், நெடுநேரமாக மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தவள், பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினாள்.

இளவேணியின் பட்டையைக் கத்தரித்த மறுநாள் காலை வீட்டில் இட்லி. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தரணிதரன் அவளையே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். அது கேள்வியைவிட மோசமாக இருந்தது.

"மாமா, சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்க," என்றாள் அவள். "உங்களுக்கு அன்னிக்கு 27. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். "எப்பத் தெரியும்?"

"நீ சொல்லும்போதே தெரியும். பொய் சொன்னா உன் கை தோட்டைத் திருகும். பதினெட்டு வருஷமாப் பாக்கறனே."

"காலின்னு தெரிஞ்சும் எண் எப்படிங்க ஏறுச்சு?"

தரணிதரன் துண்டு இட்லியைச் சட்னியில் புரட்டினான். "ஒண்ணுமே இல்லாம ஆரம்பிச்சுட்டாளே, இவ இதை எப்படி முடிக்கப்போறான்னு பாக்கணும்னு இருந்துச்சு. அதைப் பாக்காம எப்படிப் போறது?"

அவள் தொழிலின் முதல் விதி, அத்தனை பொறுப்பாளர்களும் மனப்பாடம் செய்த விதி, இட்லித் தட்டின் முன்னால் விழுந்து கிடந்தது. டப்பா காலி என்று தெரிந்தேதான் அவன் அதைக் கட்டிக்கொண்டு வாரம் முழுக்க மூச்சு விட்டிருக்கிறான். அதை நிரப்பத் தேடியேதான் அவளும் மூச்சு விட்டிருக்கிறாள்.

"சரி, என்ன கண்டுபிடிச்சே?" என்றான்.

சொல்வதற்கு மறுபடியும் வாயைத் திறந்தாள். நன்றி வந்தது, அது போதவில்லை. வேறு சிலவும் வந்தன. எதுவும் போதவில்லை. பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

"இன்னும் இல்லீங்க," என்றாள்.

தரணிதரன் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். தட்டைக் கழுவினான், துடைத்தான், கவிழ்த்து வைத்தான். அதிலெல்லாம் மாற்றமில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி திரும்பி, ஆயுளில் எந்த வேலைக்கும் அவன் சொல்லியிராத ஒன்றைச் சொன்னான்.

"மெதுவாச் சொல்லு வேணி. அவசரமில்ல."